ஏற்காட்டு ஏர் ரைஃபிளும் டார்க் ரெஞ்சும்: ஸ்க்ரூ இறுக்கிய பதிவு

நேற்று பத்தாம் வளையத்தில் அடித்தது, இன்று ஏழாம் வளையத்தில் அடிக்கிறது. பெல்லட் அதே, அட்டை அதே, சுடுகிற ஆளும் அதே. ஏர் ரைஃபிள் வைத்திருக்கிறவர்கள் ஒரு கட்டத்தில் இந்த இடத்துக்கு வந்து நிற்பார்கள். வந்ததும் சந்தேகப்படுவது குறிபார்க்கிற தொலைநோக்கியை, அதாவது ஸ்கோப்பை. ஸ்கோப்பைக் குறை சொல்வதற்கு முன்னால் ஸ்க்ரூக்களைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பார்ப்பது என்றால் எல்-கீயை (L வடிவ ஆறுமூலைச் சாவி) எடுத்து இன்னும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பது இல்லை. ஒவ்வொரு ஸ்க்ரூவும் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, எவ்வளவு பலத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது.

இந்த ரைஃபிள் என் தங்கச்சி வீட்டுக்காரருடையது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்து வீட்டில் இருக்கிறது. 4.5 மி.மீ. துளை, குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றும் வகை, மரக்கட்டை, மேலே இரண்டு ரிங்கில் பூட்டிய ஸ்கோப். வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டை ஒட்டி அட்டை நிறுத்தி 10 மீட்டரிலும் 20 மீட்டரிலும் சுடுவார்கள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதில்தான் பழகுகிறாள். 10 மீட்டர் போட்டியில் ஸ்கோப் கிடையாது, சின்ன ஓட்டை வழியாகக் குறிபார்க்கும் பீப் சைட்தான்; ஆனாலும் மூச்சை அடக்கவும் டிரிகர் இழுக்கவும் கை பழகட்டும் என்று இதை வைத்துக்கொண்டிருக்கிறாள். "மாமா, காலையில வச்ச சைட் சாயங்காலம் நிக்க மாட்டேங்குது" என்று போனில் சொன்னது அவள்தான். மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும் எல்லா ஸ்க்ரூவையும் நன்றாக முறுக்கிவிட்டு மறுபடி சைட் வைப்பார். கொஞ்ச நாள் நிற்கும், பிறகு பழைய கதை.

நான் சேலத்தில் ஆலைப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். நூற்றுக்கணக்கான நியூட்டன் மீட்டரில் (திருகு விசையை அளக்கும் அலகு) இறுக்குகிற போல்ட்டுகள் எனக்குத் தினப்படி வேலை. ரைஃபிளில் வருவது 2, 3 நியூட்டன் மீட்டர். அளவு சின்னதாக இருப்பதால் கவனம் கூடுதலாகத்தான் வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. இரண்டு ரிங்குகளுக்கும் இடையே 100 மி.மீ. தூரம். அதில் ஒரு ரிங் மட்டும் 0.1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால், 10 மீட்டரில் பார்வை 10 மி.மீ. தள்ளிப்போகும். 20 மீட்டரில் 20 மி.மீ. ஒரு தாளின் தடிமன் அளவுக்கு நகர்ந்தால் போதும், அட்டையில் பாதி வளையங்கள் தாண்டிவிடும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையில் பத்தாம் வளையம் வெறும் 0.5 மி.மீ. புள்ளி என்பதையும் சேர்த்து யோசித்தால் ஸ்க்ரூ விஷயத்தை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறேன் என்று புரியும்.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு இதில் தனியாக ஒரு தொல்லை உண்டு. டிரிகரை இழுத்ததும் கனமான பிஸ்டன் முன்னால் பாயும், அதனால் ரைஃபிள் பின்னால் தள்ளப்படும். பிஸ்டன் முனையில் அழுந்திய காற்றில் மோதி நின்றதும் ரைஃபிள் முன்னால் உதறும். ஒரு வெடிக்கு இரண்டு உதறல், இரண்டு திசையிலும். வெடிமருந்துத் துப்பாக்கி பெரிய ஓசையோடு ஒரே பக்கம் உதைக்கும். இது சின்னதாக இருபக்கமும் குலுக்கும். இறுக்கம் போதாத ஸ்க்ரூவைத் தளர்த்துவதற்கு இந்த இருபக்கக் குலுக்கலைப் போல் பொருத்தமானது வேறில்லை. மற்ற துப்பாக்கியில் வருடக்கணக்கில் உழைத்த ஸ்கோப்பை ஸ்பிரிங் ரைஃபிளில் பூட்டினால் உள்ளே உடைந்துபோவதும் இதனால்தான்.

டார்க் ரெஞ்ச் அளப்பது எதை

டார்க் ரெஞ்ச் என்பது, வைத்த அளவு விசை வந்ததும் கிளிக் என்று சொல்லும் திருகு கருவி. அதில் எண் வைத்து, கிளிக் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் எங்கள் பட்டறையிலேயே உண்டு. ரெஞ்ச் அளப்பது டார்க்கை, அதாவது திருகு விசையை. நமக்கு வேண்டியது பிடிப்பு விசை, அதாவது ஸ்க்ரூ நீண்டு இழுபட்டு இரண்டு பாகங்களையும் அழுத்திப் பிடிக்கிற விசை. இரண்டுக்கும் நடுவில் உராய்வு உட்கார்ந்திருக்கிறது. நாம் கொடுக்கிற திருகலில் ஏறத்தாழப் பாதி ஸ்க்ரூ தலைக்கு அடியில் உராய்ந்தே போய்விடும். இன்னொரு நாற்பது சதவீதம் மரைகளுக்குள், அதாவது ஸ்க்ரூவின் சுருள் பள்ளங்களுக்குள் போகும். மிச்சம் பத்து சதவீதம்தான் பிடிப்பாக மாறுகிறது.

பட்டறைக் கணக்கு எளிது. திருகு விசையை எடுத்து, ஸ்க்ரூவின் விட்டத்தாலும் உராய்வு எண்ணாலும் வகுத்தால் பிடிப்பு விசை வரும். உலர்ந்த இரும்பு ஸ்க்ரூவுக்கு உராய்வு எண் 0.2 என்று வைத்துக்கொள்வது வழக்கம், எண்ணெய் பட்டிருந்தால் 0.15 பக்கம். 4 மி.மீ. ஸ்க்ரூவை உலர்வாக 2 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் 2,500 நியூட்டன் கிடைக்கும். ஏறக்குறைய 250 கிலோ எடையை ஒரே ஸ்க்ரூ அழுத்துகிறது. அதே ஸ்க்ரூவில் எண்ணெய் இருந்து, அதே 2 வைத்து இறுக்கினால் 3,300க்கு மேல் போய்விடும். ரெஞ்ச் இரண்டு தடவையும் ஒரே மாதிரிதான் கிளிக் என்று சொல்லும். ஆகவே ரெஞ்சைக் கையில் எடுப்பதற்கு முன்னால் மரையைச் சுத்தம் செய்வதுதான் முக்கால்வாசி வேலை.

எல்-கீயில் கையால் பார்த்து இறுக்குவதன் கதையும் இதுதான். 3 மி.மீ. எல்-கீயின் நீண்ட கை 63 மி.மீ. இருக்கும், குட்டைக் கை 20 மி.மீ. நீண்ட கையின் நுனியைப் பிடித்து இரண்டு விரலால் சாதாரணமாகத் தள்ளினாலே ஒன்றரை நியூட்டன் மீட்டருக்கு மேல் வந்துவிடும். நீண்ட கையை ஸ்க்ரூவில் விட்டுக் குட்டைக் கையை அதே மாதிரி விரலால் திருப்பினால் முக்கால் தாண்டுவது கஷ்டம். ஒரே ஆள், ஒரே சாவி, எந்தப் பக்கத்தைப் பிடிக்கிறார் என்பதைப் பொறுத்து இரண்டு மடங்கு வித்தியாசம். ஆலையில் கூட வேலை செய்கிறவர்களிடம் ஒரே மாதிரி ஸ்க்ரூக்களைக் கொடுத்து "2 நியூட்டன் மீட்டர் இருக்கும்னு தோணுற அளவுக்கு இறுக்குங்க" என்று சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் கை பழகிய ஃபிட்டர்கள். சிலர் 1க்கும் கீழே நின்றார்கள், ஒருவர் 3ஐத் தாண்டினார். பெரிய போல்ட்டில் கை சொல்வதை நம்பலாம். இந்தச் சின்ன அளவில் கைக்குத் தெரியாது.

ரெஞ்சைச் சோதித்தது

என்னிடம் இருப்பது ஸ்க்ரூ டிரைவர் வடிவில் உள்ள டார்க் ரெஞ்ச். துப்பாக்கி வேலைக்கென்றே விற்கிறார்கள், 10 முதல் 65 இன்ச் பவுண்டு வரை. அமெரிக்கத் தயாரிப்புத் தாள்களும் இன்ச் பவுண்டில்தான் அச்சடித்திருக்கும். 1 நியூட்டன் மீட்டர் என்பது 8.85 இன்ச் பவுண்டு. ரிங் தாளில் 15 என்று போட்டிருந்தால் அது 1.7 நியூட்டன் மீட்டர், 18 என்றால் 2, 30 என்றால் 3.4. அலகைப் படிக்காமல் 15 என்ற எண்ணை மட்டும் பார்த்து நியூட்டன் மீட்டர் ரெஞ்சில் 15 வைத்தால் ஸ்க்ரூ தலை கையோடு வந்துவிடும். இந்த வேலையில் அலகைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

புது ரெஞ்ச் பெட்டியில் சான்றிதழ் இருந்தாலும் நான் ஒருமுறை எடை கட்டிப் பார்க்காமல் விடுவதில்லை. ஐஎஸ்ஓ 6789 தரமே 10 நியூட்டன் மீட்டருக்குள் உள்ள ரெஞ்சுகளுக்கு 6 சதவீதம் வரை கூடக்குறைய இருக்க அனுமதிக்கிறது. 12 மாதம் அல்லது 5,000 கிளிக், எது முதலில் வருகிறதோ அப்போது மறுபடி சரிபார்க்கவும் சொல்கிறது.

எடை கட்டுவதற்கு அலுமினியப் பட்டை ஒன்று, அரை மீட்டர் நீளம். நடுமையத்தில் ரெஞ்சின் முனையிலுள்ள பிட் மாட்டுவதற்கு ஆறுமூலை ஓட்டை. மையத்திலிருந்து இருபக்கமும் மிகச்சரியாக 200 மி.மீ. தள்ளி ஒரு சின்ன வெட்டு. இருபக்கமும் ஒரே நீளம் என்பதால் தராசுக் கோல் போலப் பட்டையின் சொந்த எடை தன்னைத் தானே சமன் செய்துகொள்ளும், கணக்கில் வராது. ரெஞ்சைக் கிடைமட்டமாக வைஸில் ரப்பர் வைத்துப் பிடித்து, பிட்டில் பட்டையை மாட்டி, ஒரு பக்க வெட்டில் மட்டும் நூலில் எடையைத் தொங்கவிட்டேன். எடைக்கல் தெருமுனை மளிகைக் கடையில் வாங்கியது. முத்திரை ஆய்வாளர் பார்த்து அடித்த முத்திரை அதில் இருப்பதால், வீட்டில் இருக்கும் எதையும்விட அதை நம்பலாம். 50 கிராம், 20 கிராம் சின்னக் கற்கள் கொலுசுப் பட்டறை நண்பரிடம் கிடைத்தன. கொலுசுத் தொழில் செய்யும் ஊரில் சின்ன எடைக்கல்லுக்குப் பஞ்சம் இல்லை.

200 மி.மீ. தூரத்தில் 1 கிலோ தொங்கினால் 1.96 நியூட்டன் மீட்டர், அதாவது 17.4 இன்ச் பவுண்டு. ஒன்றரைக் கிலோ 26. இரண்டு கிலோ 34.7. ரெஞ்சை 18இல் வைத்து எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன், 1 கிலோ 50 கிராமில் கிளிக். கணக்குப்படி 18.2, பிரமாதம். 26இல் வைத்தபோது ஒன்றரைக் கிலோவுக்கு அசையவே இல்லை, 1 கிலோ 600 கிராம் கேட்டது. அது 27.8 ஆகிறது, 7 சதவீதம் கூடுதல். இதைப் பெயிண்ட் பேனாவால் ரெஞ்சின் பிடியிலேயே குறித்துவைத்தேன்: 26 வேண்டுமானால் 24இல் வை. கிளிக் ஆகும் நேரத்தில் பட்டை ஏறக்குறையக் கிடைமட்டமாக இருக்க வேண்டும்; 10 பாகை சாய்ந்தால் ஒன்றரை சதவீதம்தான் குறையும், அதற்கு மேல் சாயவிடக் கூடாது. இன்னொன்று, வெகுநாள் சும்மா கிடந்த ரெஞ்சின் முதல் சில கிளிக்குகளை நம்பாதீர்கள். உள்ளே கிரீஸ் பரவட்டும். வேலை முடிந்ததும் குறைந்த எண்ணுக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துபோகும். டார்க் ரெஞ்சால் ஸ்க்ரூவைக் கழற்றவே கூடாது. கழற்றுவதற்கு எல்-கீ இருக்கிறது.

கழற்றிப் பார்த்தபோது

மாப்பிள்ளை ரைஃபிளோடு கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி சேலம் வந்துசேர்ந்தார். குழலை மடக்கி உள்ளே பெல்லட் இல்லை என்று கண்ணால் பார்த்து, ஸ்பிரிங் ஏறியிருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே கருவியை எடுத்தேன். ஸ்பிரிங் இருக்கும் அறையை நான் திறக்கவில்லை, இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை. அது அழுத்தத்தில் இருக்கும், தகுந்த கிளாம்ப் இல்லாமல் யாரும் திறக்கக் கூடாது.

கட்டையின் முன்பக்கம் இடமும் வலமுமாக இரண்டு 5 மி.மீ. ஸ்க்ரூக்கள் இரும்புக் குழாயைப் பிடிக்கின்றன. பின்னால் டிரிகர் கார்டு வழியாக அடியிலிருந்து ஒன்று. முன்பக்க ஸ்க்ரூவைக் கழற்றியதுமே விஷயம் தெரிந்துவிட்டது. தலைக்கு அடியில் இருக்க வேண்டிய கிண்ண வாஷர் மரத்துக்குள் புதைந்து போயிருந்தது. நகத்தை வைத்துத் தடவினால் மர மட்டத்துக்கு ஒன்றரை மி.மீ. கீழே வாஷரின் விளிம்பு தட்டுப்பட்டது. சுற்றிலும் மர நார்கள் நசுங்கிக் கருத்து, எண்ணெய் ஊறிக் கிடந்தன. வலப்பக்கம் இன்னும் மோசம், வாஷர் ஒருபக்கமாகச் சாய்ந்தே போயிருந்தது.

இது கை முரட்டுத்தனத்தால் மட்டும் வந்தது இல்லை. 5 மி.மீ. ஸ்க்ரூவை 3 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் 3,000 நியூட்டன் பிடிப்பு. 12 மி.மீ. வாஷருக்கு அடியில் ஏறத்தாழ 90 சதுர மி.மீ. மரம்தான் இருக்கிறது. சதுர மில்லிமீட்டருக்கு 33 நியூட்டன் விழுகிறது. கட்டைக்குப் பயன்படும் பெரும்பாலான மரங்கள் நாருக்குக் குறுக்கே 10கூடத் தாங்குவதில்லை. நசுங்கத்தான் செய்யும். நசுங்கியதும் பிடிப்பு போய்விடும், மறுபடி இறுக்குவார்கள், இன்னும் நசுங்கும்.

ஏற்காட்டின் தட்பவெப்பம் இதில் சேர்ந்துகொள்கிறது. மழைக்காலத்தில் 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டத்துக்குள் இருக்கும் மரம் ஈரத்தை இழுத்து ஊதும். வெயில் காலத்தில், அதுவும் சேலத்துக்குக் கொண்டுவந்தால், சுருங்கும். மரத்தின் ஈரப்பதம் 5 சதவீதம் மாறினாலே 15 மி.மீ. மரச்சுவர் 0.2 மி.மீ. அளவுக்கு அளவு மாறும். ஸ்க்ரூ என்பது ஒரு விறைப்பான ஸ்பிரிங். 3,000 நியூட்டனில் அந்த 15 மி.மீ. ஸ்க்ரூ நீள்வது 0.015 மி.மீ. மட்டுமே. மரம் சுருங்குவது அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். மரத்துக்கும் கொஞ்சம் துள்ளல் உண்டு, அது சற்று ஈடுகட்டும். ஆனாலும் பிடிப்பின் பெரும்பகுதி ஒரு பருவ மாற்றத்தில் காணாமல் போய்விடும். டார்க் ரெஞ்சில் எந்த எண் வைத்து இறுக்கியிருந்தாலும் இதே கதிதான்.

ஆக, அந்த முன்பக்க ஸ்க்ரூக்களுக்கு என்ன டார்க் வைப்பது என்று மாப்பிள்ளை கேட்டபோது, இந்த நிலைமையில் எந்த எண்ணும் உதவாது என்றுதான் சொன்னேன். விசை மரத்தின் மேல் போகக் கூடாது, உலோகத்தின் மேல் போக வேண்டும்.

பித்தளை ஸ்லீவ்

பெரிய துளைத் துப்பாக்கிகளில் கட்டைக்குள் அலுமினியத் தூண் பதிப்பது நெடுநாள் வழக்கம். தூண் இருப்பதால்தான் அவற்றில் 65 இன்ச் பவுண்டு வரை தைரியமாக இறுக்குகிறார்கள். அதே யோசனையைச் சின்ன அளவில் இங்கே செய்தேன். பனிமூட்டத்தில் துருப்பிடிக்கும் என்பதால் இரும்பு வேண்டாம், பித்தளை.

லேத் பட்டறை அண்ணனிடம் வரைந்து கொடுத்த அளவு இது. உள்துளை 5.2 மி.மீ., தண்டு 11 மி.மீ., வெளிப்பக்கம் 16 மி.மீ. விட்டத்தில் 2 மி.மீ. தடிமனுக்கு ஒரு விளிம்பு. தண்டு மரத்தைத் துளைத்துக்கொண்டு போய் இரும்புக் குழாயில் நேரடியாக முட்ட வேண்டும். விளிம்பு வெளியே மரத்தின் மேல் உட்கார வேண்டும். இதில் உயிர்நாடியான அளவு தண்டின் நீளம். மரச்சுவரைவிட அது 0.1 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். ஸ்க்ரூவை இறுக்கும்போது விளிம்பு மரத்தை அந்த 0.1 அளவுக்கு மட்டும் அழுத்தும், அதற்குள் தண்டு குழாயில் முட்டி நின்றுவிடும். மரம் ஆடாமல் பிடிபடும், ஆனால் 300 கிலோவை அது சுமக்க வேண்டியதில்லை. தண்டு நீளமாகிவிட்டால் கட்டை ஆடும். ரொம்பக் குட்டையானால் பழையபடி மரம் நசுங்கும். லேத் அண்ணன் கொஞ்சம் நீளமாகவே கடைந்து கொடுத்தார். கடைசி அளவை நான் கண்ணாடி மேல் எமரித் தாளை வைத்துத் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். மைக்ரோமீட்டர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

மரத்தில் ஓட்டையைப் பெரிதாக்குவது பதமான வேலை. நசுங்கிய பழைய ஓட்டையில் 11 மி.மீ. டிரில்லை நேரே விட்டால் அது கடித்து இழுத்து மரத்தைப் பிய்த்துவிடும், மையமும் ஓடிவிடும். எண்ணெய் ஊறிய நார்களை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து எடுத்து, ஓட்டையில் மரக்குச்சி அடித்துப் பசை போட்டு அடைத்தேன். பசை நன்றாகக் காய்ந்த பிறகு புது மையம் குறித்து, நிற்கும் டிரில்லில் தட்டையான மரத்துளை பிட்டால் மெதுவாக இறக்கினேன். கட்டை வளைவாக இருப்பதால் மணல் பையில் படுக்கவைத்து மட்டம் பார்த்துக்கொண்டேன். ஸ்லீவை மெதுவாக இறுகும் அரால்டைட்டில் பதித்து, குழாயில் அரால்டைட் ஒட்டாமல் இருக்க ஷூ பாலிஷ் தடவி, ரைஃபிளை அதில் உட்காரவைத்து ஸ்க்ரூவை விரலால் மட்டும் முடுக்கி ஒரு நாள் முழுக்க விட்டுவைத்தேன். ஸ்லீவ் எந்தக் கோணத்தில் குழாயைச் சந்திக்க வேண்டுமோ அந்தக் கோணத்திலேயே இறுகிக்கொள்ளும்.

மரைகளை அசிட்டோன் விட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்து உலர்த்தினேன். முன்பக்க ஸ்க்ரூக்களுக்கு மட்டும் மரையைத் தளராமல் பிடிக்கும் திரவப் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு. ஈரமாக இருக்கும்போது லாக்டைட் எண்ணெய் போலவே வழுக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை அப்படியே வைத்தால் பிடிப்பு கூடிவிடும். அதனால் 3 வைக்க வேண்டிய இடத்தில் இரண்டரை நியூட்டன் மீட்டராகக் குறைத்தேன். முதலில் இடம் பாதி, வலம் பாதி, பிறகு இடம் முழுசு, வலம் முழுசு. கிளிக் வரும்போது சீராக, நிறுத்தாமல் திருப்ப வேண்டும். வெடுக்கென்று திருப்பினால் கிளிக்கைத் தாண்டி ஓடிவிடும்.

ரிங்

ரிங்குகளைத் திறந்தபோது ஸ்கோப் குழாயில் வளையம் வளையமாக அழுந்திய தடம் இருந்தது. ரிங்குக்கு நான்கு ஸ்க்ரூ, ஒவ்வொன்றும் 4 மி.மீ. 1.8 நியூட்டன் மீட்டரிலேயே நான்கும் சேர்ந்து 9,000 நியூட்டன், 900 கிலோவுக்கு மேல். மெல்லிய அலுமினியக் குழாய்க்கு அதுவே தாராளம். மாப்பிள்ளையின் கையில் அது இன்னும் ஏறியிருந்திருக்கும். குழாய் நசுங்கினால் வெளியே தடம் மட்டும் விழுவதில்லை. உள்ளே பார்வையைத் திருப்புகிற சின்னக் குழாய் ஒன்று இருக்கிறது, அது சிக்கிக்கொள்ளும். பார்வையை நகர்த்தும் குமிழைத் திருப்பினால் அது அசையாது. சில வெடிகளுக்குப் பிறகு திடீரென்று துள்ளி நகரும். சைட் நிற்கவில்லை என்ற புகாரில் பாதி இதிலிருந்து வந்திருக்கலாம். நல்ல வேளை, இந்த ஸ்கோப்பில் தடம் ஆழமில்லை, குமிழ் சீராகவே திரும்பியது.

அடிப்பாகம் முதலில். ரைஃபிளின் மேல் ரிங்கைப் பூட்டுவதற்கு இருக்கும் 11 மி.மீ. டவ்டெய்ல் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தது. ரிங் முன்னும் பின்னும் வழுக்கியதற்கு அதுதான் காரணம். பள்ளம், ரிங்கின் கால், ஸ்க்ரூ எல்லாவற்றையும் துடைத்து உலர்த்தி, பின்பக்க ரிங்கிலிருக்கும் தடுப்பு ஊசியை ரைஃபிளின் ஓட்டையில் இறக்கி, அது ஓட்டையின் பின்சுவரில் முட்டும்படி ரிங்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தாளில் போட்டிருந்த 20 இன்ச் பவுண்டில் இறுக்கினேன். முட்டாமல் நடுவில் நின்றால் ஊசி இருந்தும் இல்லாத மாதிரிதான், முதல் சில வெடிகளில் ரிங் நகர்ந்து முட்டும்வரை சைட் ஓடிக்கொண்டே இருக்கும்.

மேல் மூடிகளில் முக்கியமானது இடைவெளி. இருபக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மூடிக்கொண்டு மறுபக்கம் வாய் பிளந்திருந்தால் ஸ்கோப் கொஞ்சம் சுழன்று குறுக்குக்கோடு சாய்ந்துவிடும். ஷிம் எனப்படும் மெல்லிய தகட்டை இரண்டு பக்கமும் விட்டுப் பார்த்துச் சமப்படுத்தினேன். ஸ்க்ரூக்களை எதிர் மூலை, எதிர் மூலையாக, முதலில் ஏறத்தாழ 6 இன்ச் பவுண்டு, பிறகு 12, கடைசியில் 15. ரெஞ்சின் அடிமட்ட அளவு 10 என்பதால் முதல் சுற்றை எல்-கீயின் குட்டைக் கையால்தான் செய்தேன், அந்த அளவுக்கு அது போதும். கடைசிச் சுற்றில் எல்லா ஸ்க்ரூவையும் ஒருமுறை மறுபடி தொட வேண்டும், ஏனென்றால் நான்காவதை இறுக்கும்போது முதலாவது தளர்ந்திருக்கும். மூடிகளில் லாக்டைட் கிடையாது. உலர்ந்த மரையில் சரியான அளவில் இறுக்கிய ரிங்குக்கு அது தேவைப்படுவதில்லை.

எல்லா ஸ்க்ரூ தலைக்கும் பக்கத்து உலோகத்துக்கும் சேர்த்து ஒரு மெல்லிய கோடு நகப்பூச்சால் போட்டேன். நகப்பூச்சு பூட்டுவதற்கு இல்லை, சாட்சிக்கு. பிறகு சரிபார்க்கிறேன் என்று ரெஞ்சை வைத்துக் கிளிக் கேட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை. தளர்ந்த ஸ்க்ரூவும் அந்த எண் வரைக்கும் இறுகிவிட்டுக் கிளிக் என்றுதான் சொல்லும், தளர்ந்திருந்தது என்பதே தெரியாமல் போய்விடும். கோடு உடைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாலே போதும்.

மேலே ஏற்காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டபோது பெல்லட்டுகள் சாயங்காலம் வரை காலையில் வைத்த இடத்திலேயே விழுந்தன. 10 மீட்டரில் பெல்லட் ஓட்டைகளின் கூட்டம் 6, 7 மி.மீ. அளவுக்குள் நின்றது, அதற்கு முன்னால் இரண்டு கூட்டங்களுக்கு நடுவே விரலளவு தூரம் ஓடியிருந்தது. மழைக்காலம் முழுக்கத் தங்கச்சி மகள் சுட்டாள். பனி விலகிய பிறகு நான் போய்ப் பார்த்தபோது ரிங் மூடிகள், அடிப்பாகம், முன்பக்க ஸ்லீவ் எல்லாவற்றிலும் நகப்பூச்சுக் கோடு நேராக இருந்தது. டிரிகர் கார்டு ஸ்க்ரூவின் கோடு மட்டும் ஒரு மயிரிழை விலகியிருந்தது. அங்கே ஸ்லீவ் போடவில்லை, மரம் தடிமனாக இருப்பதால் பெரிய வாஷர் ஒன்றை மட்டும் வைத்திருந்தேன். அங்கே மரத்தின் மேல்தான் பிடிப்பு நிற்கிறது, ஆகவே மரம் சொல்வதைத்தான் அது கேட்கும். அதை 22 இன்ச் பவுண்டில் மறுபடி இறுக்கிப் புதுக்கோடு போட்டுக்கொடுத்தேன். பருவத்துக்கு ஒரு தடவை அந்த ஒன்றை மட்டும் பார்த்துக்கொள் என்று சொல்லி, ரெஞ்சையும் அவளிடமே விட்டுவந்தேன். அடுத்ததாக அவள் வாங்கப்போகிற போட்டி ரைஃபிளின் பீப் சைட் கிளாம்ப்பை இறுக்க எப்படியும் அது வேண்டும்.